பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி இதுதான்: அப்பா வைத்திருந்த, படகின் பின்னால் மாட்டும் 25 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்று கொட்டகையில் நாலு வருடமாகச் சும்மா கிடக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பழையது. கடைசியாக நிறுத்தியபோது நன்றாக ஓடியது. படகு ஏற்கெனவே கைமாறிவிட்டது. வந்து பார்த்த ஒருவர் எடைக்குப் போடும் விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர், புதுசின் விலையில் பாதிக்குக் குறைத்துக் கொடுக்காதே என்கிறார். யாரை நம்புவது, என்ன விலை சொல்வது?

இரண்டு பேரும் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே மோட்டார் இந்த இரண்டு விலைக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கார், பைக் மாதிரி 'இத்தனை வருடம், இவ்வளவு தேய்மானம்' என்று அவுட்போர்டு மோட்டாருக்குக் கணக்குப் போட முடியாது. முப்பது வருடப் பழைய மோட்டார் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆவதையும், ஐந்து வருட மோட்டார் உள்ளே உப்பு அரித்துச் செத்துக் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வாங்க வருகிறவருக்கும் இது தெரியும். அதனால் அவர் வயதுக்காகக் குறைப்பதைவிடத் தன் சந்தேகத்துக்காகக் குறைப்பதுதான் அதிகம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்றும் அழுத்தம்) இருக்கிறதா, கியரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, உப்புத் தண்ணீரில் ஓடியதா, எண் சுரண்டப்பட்டதா என்று ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே வருவார். பதில் கிடைத்தால் கழிக்க மாட்டார். எடைக்குக் கேட்டவர் எல்லாச் சந்தேகத்தையும் கழித்துவிட்டார், பாதி விலை என்றவர் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, விலையைக் கண்டுபிடிப்பது என்றால் முதலில் உங்கள் கையில் எத்தனை பதில்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான்.

முதல் வேலை, அது என்ன மோட்டார் என்று சரியாகத் தெரிந்துகொள்வது. மேல்மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மூடி உடைந்தால் வேறு மோட்டாரின் மூடியை எடுத்து மாட்டுவது சர்வ சாதாரணம். படகின் பின்பலகையைப் பிடிக்கும் கிளாம்ப் பகுதியில், பெரும்பாலும் பக்கவாட்டில், ஒரு சின்னத் தகடு இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான். ஜான்சன், எவின்ரூட் மோட்டாராக இருந்தால் 1980-க்குப் பிறகு வந்தவற்றில் வருடத்தை மாடல் எண்ணிலேயே ஒளித்து வைத்திருப்பார்கள். 'இன்ட்ரோட்யூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லில் பத்து எழுத்துகள், ஒன்றுகூடத் திரும்ப வராது. முதல் எழுத்துக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று போய் ஒன்பதாவதற்கு 9, கடைசி எழுத்துக்கு 0. மாடல் எண்ணின் கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகள்தான் வருடம். அங்கே 'E', 'U' என்று இருந்தால் 97, அதாவது 1997. தகடு உதிர்ந்துபோயிருந்தால் அந்த மோட்டார்களில் இன்ஜின் பிளாக்கில் நாணயம் அளவில் ஒரு உலோக மூடி அடித்திருப்பார்கள், அதிலும் எண் இருக்கும். மற்ற கம்பெனிகளுக்கு அவரவர் குறியீட்டு முறை. சீரியல் எண்ணை வைத்து வருடத்தைத் தேடுவது இன்று பெரிய வேலை இல்லை.

தகட்டைப் பார்க்கும்போதே அதில் சுரண்டல், திரும்ப ஆணி அடித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்போர்டு மோட்டார்கள் அதிகம் திருடுபோகும் பொருள். எண் இல்லாத மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விவரம் தெரிந்தவர் தொட மாட்டார். அப்பா வாங்கிய பழைய பில், சர்வீஸ் சீட்டு, கையேடு எதுவாக இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். கறை பிடித்த ஒரு துண்டுச் சீட்டுகூட 'இது இவர்கள் வீட்டு மோட்டார்தான்' என்ற நம்பிக்கையைக் கொடுக்கும்.

அடுத்தது சாஃப்டின் நீளம். விற்கிறவர்கள் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை, வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வியோ இதுதான். பின்பலகையின் மேல் உட்காரும் கிளாம்பின் உள்பக்கத்திலிருந்து, புரொப்பல்லருக்கு மேலே படுத்த மாதிரி இருக்கும் அகலத் தகடு வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 15 அங்குலம் என்றால் குட்டை, 20 என்றால் நீளம், 25 என்றால் அதிக நீளம். படகின் பின்பலகை உயரத்துக்கு இது பொருந்தாவிட்டால் அவருக்கு அந்த மோட்டார் எந்த விலையிலும் உதவாது. இந்த ஒரு அளவை எழுதாமல் விட்டால் பத்துப் பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

பிராண்டை நீங்கள் சொல்லவில்லை. அது விலையைப் பாதிக்கும், ஆனால் 'நல்ல பெயர், கெட்ட பெயர்' என்ற வழியில் அல்ல. உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான் விஷயம். எவின்ரூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-லிருந்து மோட்டார் செய்த பெயர். ஜான்சனையும் அதையும் சேர்த்து நடத்திய தாய்க் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த வருடம் பம்பார்டியர் வாங்கிக்கொண்டது. பிறகு அதிலிருந்து பிரிந்த பி.ஆர்.பி. 2020-ல் எவின்ரூட் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இருந்தும் அந்தப் பழைய ரெண்டு சிலிண்டர் மோட்டார்கள் லட்சக்கணக்கில் ஓடியவை, ஒரே அடிப்படை வடிவத்தைப் பல வருடங்களுக்கு மாற்றாமல் வைத்திருந்தார்கள். அதனால் இம்பெல்லர் (வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரம்), கார்புரேட்டர் கிட், இக்னிஷன் காயில் எல்லாம் வேறு கம்பெனிகளின் தயாரிப்பாக இன்றும் கிடைக்கின்றன. அப்படிப்பட்டதற்கு மதிப்பு இருக்கும். சில வருடங்களே வந்து மறைந்த மாடல் என்றால், கம்பெனி இன்றும் கொடிகட்டிப் பறந்தாலும், அந்த மோட்டாருக்கு ஒரு கேஸ்கெட் தேடுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். விலையும் அப்படியே விழும்.

இன்னொரு விஷயம், ஒரே மோட்டார் வேறு வேறு பெயரில் வரும். நிசான் என்ற பெயரில் விற்றவை டோஹாட்சு செய்தவை. 30 எச்.பி. வரையிலான மெர்குரி மோட்டார்களில் பலவற்றைச் செய்ததும் டோஹாட்சுதான். 2000-க்குப் பிறகு ஜான்சன் பெயரில் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில் பல சுசுகி செய்தவை. உங்களுடையது இப்படி இரட்டைப் பிறவியாக இருந்தால் அதை விளம்பரத்தில் சொல்லுங்கள். பாகம் கிடைக்காது என்ற பயம் போகும். விலை ஒப்பிடும்போதும் இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்கலாம்.

டூ ஸ்ட்ரோக் என்பது நல்லதா கெட்டதா? எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார், பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலே புகையோடு தண்ணீரில் விட்டுவிடும். அதனால்தான் அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1999-லிருந்தே அவற்றுக்குத் தடை. வேறு பல இடங்களில் புதிதாக விற்பதையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் பக்கத்து நீர்நிலையில் இப்படித் தடை இருந்தால், அங்கே ஓட்ட நினைப்பவர் உங்கள் மோட்டாரை வாங்கவே மாட்டார். தடை இல்லாத இடத்தில் கதை தலைகீழ். எடை குறைவு, பாகங்கள் குறைவு, கரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரும் பிளக் கழற்றும் குழாயும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று டூ ஸ்ட்ரோக்கைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. புதுசாகக் கிடைக்காததாலேயே நல்ல பழசுக்கு மவுசு ஏறுவதும் உண்டு.

உங்களுக்குச் சாதகமான ஒன்று, 25 எச்.பி. என்ற அளவு. இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடலாம், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யலாம், சின்னப் படகுக்கு முழு மோட்டாராகப் போதும். பெரிய மோட்டார்களுக்கு இந்த வசதி இல்லை. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: முழு திராட்டிலில் 10 எச்.பி.க்கு மணிக்கு ஒரு அமெரிக்க காலன், அதாவது 3.8 லிட்டர் பெட்ரோல். உங்களுடையது மணிக்கு 9, 10 லிட்டர் குடிக்கும், சமாளிக்கலாம். 150 எச்.பி. என்றால் 57 லிட்டர். அந்தச் செலவை நினைத்தே பழைய பெரிய மோட்டார்கள் நல்ல நிலையில் இருந்தும் விலைபோகாமல் நிற்கின்றன. சின்ன மோட்டார்கள் அப்படி விழுவதில்லை.

சரி, இப்போது மோட்டாருக்கு வருவோம். 'கடைசியாக நிறுத்தியபோது நன்றாக ஓடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஓடாத மோட்டார் விற்கும் ஒவ்வொருவரும் சொல்லும் வாக்கியமும் இதுதான். அந்த வாக்கியத்துக்குச் சந்தையில் எந்த மதிப்பும் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு எண்களும் ஒரு சொட்டு எண்ணெயும் கையில் இருந்தால் பேரத்தின் முகமே மாறிவிடும்.

இரண்டு எண்கள் என்றது கம்ப்ரஷன். கேஜ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கினாலும் பெரிய செலவில்லை. நாலு வருடம் சும்மா இருந்த மோட்டார் என்பதால் எடுத்த எடுப்பில் கயிற்றை இழுக்காதீர்கள். பிளக் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் மேலே இருக்கும் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக, அது சுற்ற வேண்டிய திசையில் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று சுற்றி, ஒரே சீராக இருந்தால் நல்ல சேதி. சுற்றவே மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், திரும்ப ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சுற்றியது என்றால், உள்ளே மிச்சம் இருக்கும் ஆயில் வெளியே வரும்படி சில தடவை கயிற்றை இழுத்துவிட்டு, பிளக் ஒயர்களை இன்ஜின் உலோகத்தோடு தொடுத்து, திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து, கேஜை மாட்டி முள் ஏறாமல் நிற்கும் வரை இழுங்கள். ஐந்தாறு இழுப்பு போதும். பிறகு அடுத்த சிலிண்டர். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் கேஜ் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதனால் மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு தடவை எடுத்து அந்த எண்களையே விளம்பரத்தில் போடுங்கள்.

இந்த மாதிரி மோட்டார்களில் கேஜில் 100 பி.எஸ்.ஐ.யை (அழுத்தத்தின் அலகு) ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் பொதுவாக நிம்மதி. ஆனால் எண் எவ்வளவு பெரியது என்பதைவிட இரண்டும் ஒட்டி வருகிறதா என்பதுதான் முக்கியம். கேஜுக்குக் கேஜ் எண் மாறும். ஒரே கேஜில் 112, 115 என்று வந்தால் அருமை. 120, 85 என்று வந்தால் கீழ் எண் வந்த சிலிண்டரில் ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது, அல்லது சுவரில் கீறல். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. பிளக்கைக் கழற்றும்போதே அவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பழுப்பு, மற்றது கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

ஒரு சொட்டு எண்ணெய் என்றது கியர் ஆயில். புரொப்பல்லருக்கு முன்னால் டார்பிடோ மாதிரி இருக்கும் கியர் பாகத்தில், கீழே ஒரு திருகும் மேலே ஒரு திருகும் இருக்கும். மோட்டாரை நேராக நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு, அடியில் வெள்ளைக் கிண்ணம் ஒன்றை வைத்து, கீழ்த் திருகை மட்டும் அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் முதலில் சொட்டுவது என்ன என்பதை விடாமல் பாருங்கள். தெளிவான தண்ணீர் நாலு சொட்டு வந்து பிறகு எண்ணெய் வந்தால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. எண்ணெயே பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தாலும் அதே கதை. கருப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தால் நாள்பட மாற்றவில்லை. திருகின் நுனியில் காந்தம் இருக்கும் மாடல்களில் மசி மாதிரி மெல்லிய படலம் ஒட்டியிருப்பது சகஜம், விரலில் உறுத்தும் துகள் ஒட்டியிருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். சீல் மாற்றுவது ஒரு சின்ன வேலை. ஆனால் தண்ணீரோடு எத்தனை நாள் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, உள்ளே பேரிங் துருப்பிடித்திருக்குமோ என்ற பயத்துக்கு வாங்குகிறவர் கழிப்பது சீல் விலையைப்போலப் பல மடங்கு. புரொப்பல்லரைக் கழற்றி சாஃப்டைப் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் தூண்டில் நரம்பு ஒன்று சுற்றிக்கொண்டு அந்த சீலை அறுத்துக்கொண்டிருக்கும்.

உப்பைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் என் பணம் ஒரு தடவை அதில்தான் போனது. ஒரு மோட்டார் பார்க்கப் போனேன். புதுசாகப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. மகிழ்ச்சியில் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கைப்பிடித்து வண்டியில் ஏற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது, நான் போனபோதே சிலிண்டர் ஹெட் இளஞ்சூடாக இருந்தது. எனக்கு முன்னாலேயே யாரோ அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த மோட்டாரை ஸ்டார்ட் செய்ய இருபது இழுப்புக்கு மேல் ஆனது. வாட்டர் பம்ப் மாற்றலாம் என்று கீழ்ப் பாகத்தைக் கழற்றப் போனால் நாலு போல்ட்டில் இரண்டு முறிந்தன. புதுப் பெயின்ட்டுக்குக் கீழே அலுமினியமும் எஃகு போல்ட்டும் உப்பில் ஒன்றாகவே பிடித்துப்போயிருந்தன. முறிந்த போல்ட்டை எடுப்பதற்குக் கொடுத்த கூலியில் இன்னொரு மோட்டாருக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம்.

அன்றிலிருந்து நான் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. மேல்மூடியைத் திறந்து, மூலைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, போல்ட் தலைகள் எப்படி இருக்கின்றன, மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரைவதற்கென்றே வைத்த துத்தநாகக் கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது, மோட்டார் இடம் வலமாகக் கையால் லேசாகத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். கட்டி கரைந்திருப்பது கெட்ட அடையாளம் இல்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கட்டி புதுசாக, அதைச் சுற்றியுள்ள உலோகம் குழிகுழியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் மட்டும் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஒரு தடவை அதிகமாகச் சூடேறியிருக்கிறது. உங்கள் மோட்டார் நல்ல தண்ணீரில் மட்டுமே ஓடியது என்றால் அதுவே பெரிய சொத்து. போல்ட் தலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், வாயால் சொல்வதைவிட நம்புவார்கள். தயவுசெய்து விற்பதற்காகப் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். பழைய சுரண்டல்களோடு இருக்கும் மோட்டார் நேர்மையாகத் தெரியும்.

கம்ப்ரஷனும் கியர் ஆயிலும் நன்றாக இருந்தால், ஓடவைத்துக் காட்டுவதற்குக் கொஞ்சம் செலவு செய்யலாம். பழைய பெட்ரோலை டேங்க், குழாய், கார்புரேட்டர் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நாலு வருடப் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைத்திருக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் பழைய ரப்பர் குழாய்கள் உள்ளே உதிர ஆரம்பித்திருக்கும், குழாயையும் மாற்றிவிடுங்கள். புது பிளக், புது கியர் ஆயில். வாட்டர் பம்ப் இம்பெல்லர் ரப்பர்தான், சும்மா கிடந்தாலே இறக்கைகள் வளைந்தபடி விறைத்துவிடும், அதையும் மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன விகிதத்தில் ஆயில் கலந்து கொள்ளுங்கள், 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பீப்பாய்த் தண்ணீரில் வைத்தோ குழாய்த் தண்ணீர் கொடுத்தோதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே புது இம்பெல்லர் கருகிவிடும். ஓடும்போது பின்பக்கம் இருக்கும் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்தும் மோட்டார் விலையில் சின்னப் பங்குதான், திரும்பி வருவது அதைவிடப் பல மடங்கு.

இனி விலை. இதே எச்.பி., ஏறத்தாழ இதே வயது, இதே வகை மோட்டார்களுக்கு விளம்பரங்களில் என்ன கேட்கிறார்கள் என்று பத்துப் பதினைந்தாவது குறித்துக்கொள்ளுங்கள். அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். எவை காணாமல் போயின, எவை அப்படியே கிடக்கின்றன? மாதக்கணக்கில் கிடக்கும் விலை, சந்தை வேண்டாம் என்று சொன்ன விலை. சீக்கிரம் மறைந்தவற்றை ஒட்டித்தான் உண்மை இருக்கும், அதிலும் பேரம் பேசிக் கொஞ்சம் குறைந்திருக்கும். ஏலத் தளங்களில் முடிந்த ஏலத்தின் தொகை தெரிந்தால் இன்னும் நல்லது.

மேல் எல்லை ஒன்று வேண்டும். இதே அளவுப் புது மோட்டாரின் இன்றைய விலை அது. உத்தரவாதத்தோடு புதுசே வாங்கிவிடலாம் என்று தோன்றும் புள்ளியைத் தொட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். என் அனுபவத்தில், இந்த வயதுள்ள, நிரூபித்துக் காட்டிய நல்ல மோட்டார் புதுசின் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி நிற்கும். பாதி என்பது டூ ஸ்ட்ரோக்குக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில், மிகவும் சுத்தமான மோட்டாருக்கு மட்டும்.

நல்ல நிலையில் ஓடும் இதே மோட்டார்கள் போகும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டி, கம்ப்ரஷன் எண்களும் தெரிந்தால் 90 முதல் 100 வரை நியாயமாகக் கேட்கலாம். கம்ப்ரஷன் சரி, கியர் ஆயில் சரி, ஆனால் இன்னும் ஓட்டிக் காட்டவில்லை என்றால் நான் 50, 60 கொடுப்பேன். எதுவுமே பார்க்கவில்லை, 'முன்பு ஓடியது' மட்டும்தான் என்றால் 30. ஒரு சிலிண்டர் செத்தது உறுதி என்றால் பாகங்களின் விலை. இவை என் கணக்குகள், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் படிகளின் இடைவெளியைப் பாருங்கள், ஒரு சனி ஞாயிறு வேலை 30-லிருந்து 90-க்குக் கொண்டுபோகிறது.

பாகங்களின் விலைதான் உங்கள் கீழ் எல்லை, அது எடை விலை அல்ல. கியர் பாகம் முழுதாக, கார்புரேட்டர், இக்னிஷன் பாகங்கள், உடையாத மேல்மூடி, புரொப்பல்லர், கிளாம்ப் என்று தனித்தனியாக விற்றால் கூட்டுத்தொகை முழு மோட்டாரின் விலையையே எட்டிப்பிடிக்கலாம். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், மிச்சம் ஒரு குவியல் வீட்டில் கிடக்கும். பொறுமை இல்லாவிட்டால் பாகத்துக்காகத் தேடும் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம், எடைக்குக் கேட்டவரைவிட நிச்சயம் அதிகம் தருவார். எடைக்குக் கேட்டவரே பாகம் பாகமாக விற்கத்தான் போகிறார் என்று நினைக்கிறேன்.

மோட்டாரோடு என்னென்ன போகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். டேங்க், குழாய், உபரி புரொப்பல்லர், ஓட்டுபவர் தன் மேல் மாட்டிக்கொள்ளும், இழுபட்டால் மோட்டாரை நிறுத்தும் கயிறு. கைப்பிடி வைத்த மோட்டார் என்றால் இது போதும். தூரத்திலிருந்து ஸ்டியரிங்கில் ஓட்டும் வகை என்றால் கன்ட்ரோல் பெட்டி, கேபிள்கள், ஒயர் கட்டு எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். படகு கைமாறியபோது அவை படகோடே போயிருந்தால், வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள், திரும்பக் கிடைத்தால் விலையில் நல்ல வித்தியாசம் வரும்.

இருபது வருடம் என்பதால் 'பழமைப் பொருள்' மதிப்பு இதற்கு வராது. அது 1950-களுக்கும் அதற்கு முன்பும் போகும் மோட்டார்களின் உலகம். அங்கே ஓடுகிறதா என்பதைவிட ஒரிஜினல் பெயின்ட்டும் எழுத்துகளும் இருக்கிறதா, அந்தக் காலத்து இரட்டைக் குழாய் அழுத்த டேங்க் கூட இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் அப்பாவுடைய இன்னும் பழைய மோட்டார் ஏதாவது இருந்தால் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கும் முன் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்பாவின் மோட்டார் என்று எழுதியதை நான் கவனித்தேன். அந்த மதிப்பை வாங்குகிறவர் கொடுக்க முடியாது, அதை விலையில் சேர்க்கவும் வேண்டாம். ஆனால் அப்பா எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நாலு வரி எழுதலாம்: எந்தத் தண்ணீரில் ஓட்டினார், ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசுவாரா, யார் சர்வீஸ் செய்தது. அது உணர்ச்சி அல்ல, தகவல். நான் வாங்குகிறவனாக இருந்தால் அந்த நாலு வரிக்காகவே உங்கள் மோட்டாரை முதலில் பார்க்க வருவேன்.

கேட்கும் விலையை, மனசில் வைத்த விலைக்குப் பத்து சதவீதம் மேலே வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அழைப்பே வராது. கீழ் எல்லையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேரத்தின் வேகத்தில் மறந்துபோகும். படகு இறக்கும் பருவம் தொடங்கும் முன் விளம்பரம் போடுங்கள், பருவம் முடிந்த பிறகு வருகிறவர்கள் மலிவு தேடி வருகிறவர்கள். பார்க்க வருகிற அன்று காலையிலிருந்து மோட்டாரைத் தொடாதீர்கள். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, டேங்க் குழாயை மாட்டாமல் வைத்திருங்கள். வந்தவர் சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுப் பார்க்கட்டும், குளிர்ந்திருக்கும். குழாயை மாட்டி, அதில் இருக்கும் ரப்பர் பம்பை அழுத்திவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.